பெருங்கொம்பு எல்க் வேட்டை: வேவு, டேக், வழிகாட்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களான கொலராடோ, வயோமிங், மொன்டானா, நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா ஆகியவற்றைப் பற்றியவை. கொம்பின் அளவு அங்குலத்தில்தான் பேசப்படுகிறது என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறோம். விதிகள் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிப்புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

எல்க் என்பது எந்த மான்? நம் கடமானா?

இல்லை. கடமான், அதாவது மிளா, வேறு இனம். எல்க்குக்கு வாபிடி என்றும் பெயர் உண்டு. ஷானி பழங்குடியினரின் மொழியில் அது 'வெள்ளைப் பிட்டம்' என்று பொருள்படும். காஷ்மீரின் ஹங்குல் இதற்கு நெருங்கிய உறவு. ஐரோப்பாவில் எல்க் என்று சொன்னால் மூஸ் என்ற வேறொரு விலங்கைக் காட்டுவார்கள்; இணையத்தில் தேடும்போது பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். வளர்ந்த ராக்கி மலை ஆண் எல்க் 300 முதல் 350 கிலோ வரை இருக்கும்; தோளுயரம் ஏறத்தாழ 5 அடி. கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். பெரிய ஆண்களுக்கு மார்ச், ஏப்ரலில் உதிரும். ஆகஸ்ட் கடைசியில் புதுக்கொம்பின் வெல்வெட் தோல் உரிந்துவிடும்.

இந்தியாவில் 1972 சட்டப்படி வேட்டைக்குத் தடை. அங்கே மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

ஒவ்வொரு மாநிலமும் மந்தையைக் கணக்கெடுத்து, எத்தனை ஆண், எத்தனை பெட்டை சுடலாம் என்று பகுதிவாரியாக வரம்பு வைக்கிறது. உரிமக் கட்டணம் வனவிலங்குத் துறையை நடத்துகிறது. போதாததற்கு, 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கி, தோட்டா, வில் முதலியவை மீது வசூலாகும் 11 சதவீத வரியும் மாநிலங்களுக்குப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்த எல்க், இன்று ஏறக்குறைய பத்து லட்சம். கொல்வது சரியா என்ற வாதம் இதோடு முடிந்துவிடாது, ஆனால் ஏற்பாடு இதுதான். யெல்லோஸ்டோன், ராக்கி மவுண்டன் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வேட்டை கிடையாது.

எந்தக் கொம்பை 'ட்ரோஃபி' என்கிறார்கள்?

1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கத்தின் அளவுமுறையே பொது வழக்கு. சாதாரண அமைப்புள்ள கொம்பு அதன் நிரந்தரப் பதிவேட்டில் ஏற 375 அங்குலம் வேண்டும். மூன்றாண்டு விருதுப் பட்டியலுக்கு 360. வில் வேட்டைக்கான போப் அண்ட் யங் பட்டியலில் 260 போதும். களத்தில் இருப்பவர்கள் இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. பொது நிலத்தில் 300-ஐத் தாண்டிய ஆறுக்கு ஆறு கொம்பன் (பக்கத்துக்கு ஆறு முனை) என்றாலே நல்ல பரிசு. 350 என்றால் பலருக்கு ஆயுளில் ஒருமுறை.

கணக்கு எளிது. ஒரு பக்கக் கிளைகள் 16, 16, 15, 19, 12 அங்குலம் என்றால் கூட்டினால் 78, இருபக்கமும் 156. நடுத்தண்டு பக்கத்துக்கு 50 வீதம் 100. தண்டின் சுற்றளவை நான்கு இடத்தில் அளப்பார்கள், இருபக்கமும் சேர்த்து 56. உள் அகலம் 38. மொத்தம் 350. இடமும் வலமும் ஒத்துப்போகாத வித்தியாசத்தைக் கழித்தால், 8 என்று வையுங்கள், 342.

டேக் என்றால் என்ன? கடையில் வாங்க முடியாதா?

டேக் என்பது ஒரு விலங்கைச் சுட உங்களுக்குத் தரப்படும் தனி அனுமதிச் சீட்டு. எந்த யூனிட் (மாநிலம் எண்ணிட்டுப் பிரித்த வேட்டைப் பகுதி), எந்தத் தேதிகள், எந்த ஆயுதம், ஆணா பெட்டையா எல்லாம் அதில் இருக்கும். நல்ல கொம்பன்கள் உள்ள யூனிட்டுகளின் டேக் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், பெரிய கொம்பு வேட்டையின் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆண் எல்க் எட்டு வயதைத் தாண்டினால்தான் கொம்பு உச்சத்தைத் தொடும். டேக் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அவை மூன்று, நான்கு வயதிலேயே சுடப்பட்டுவிடும். வழிகாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே இல்லாத விலங்கைக் காட்ட மாட்டார்.

மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. கொலராடோவில் முன்னுரிமைப் புள்ளி: ஒவ்வோர் ஆண்டும் குலுக்கலில் விழாதவருக்கு ஒன்று சேரும், அதிகம் வைத்திருப்பவருக்கே முதலில். வடமேற்கு மூலையில் உள்ள 2, 10, 201 போன்ற யூனிட்டுகளின் ரைஃபிள் டேக்குக்கு வெளிமாநிலத்தார் 20 புள்ளிக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இன்று தொடங்குபவர் அந்த வரிசையில் நிற்பது வீண். அரிசோனாவில் போனஸ் புள்ளி கூடக்கூட வாய்ப்பு கூடும், ஆனால் புதியவருக்கும் ஒரு நூலிழை வாய்ப்பு உண்டு. நியூ மெக்சிகோவில் புள்ளியே கிடையாது: 84 சதவீதம் உள்ளூராருக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வழிகாட்டி, முகாம் எல்லாம் ஏற்பாடு செய்து தரும் வேட்டைத் தொழிலாளரோடு) ஒப்பந்தம் போட்டவருக்கு, 6 சதவீதம் மற்ற வெளிமாநிலத்தாருக்கு. எனவே கையில் புள்ளி இல்லாமல், வழிகாட்டியோடு போக நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நியூ மெக்சிகோவின் ஹீலா பகுதி.

கடைசி நாட்கள் சுமாராக: அரிசோனா, வயோமிங் பிப்ரவரி தொடக்கம், நியூ மெக்சிகோ மார்ச் நடு, மொன்டானாவும் கொலராடோவும் ஏப்ரல் தொடக்கம். செப்டம்பர் வேட்டையைப் பற்றி ஜூனில் யோசிக்க ஆரம்பிப்பவருக்கு அந்த ஆண்டு போய்விட்டது. பணம் தாராளமாக இருந்தால் நில உரிமையாளருக்கு ஒதுக்கிய டேக்கை அவரிடம் விலைக்கு வாங்கும் குறுக்குவழி நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டாவில் உண்டு.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். இரவல் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்த ரைஃபிளைக் கொண்டுவர நினைப்பவர் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் என்ற கூட்டாட்சித் துறையின் படிவம் 6என்ஐஏ-வுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பல அவுட்ஃபிட்டர்கள் ரைஃபிள் தருவார்கள், அதுவே நிம்மதி. வில் இந்தச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை.

இன்னொன்று: வேட்டைக் கல்விச் சான்றிதழ். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் அது இல்லாமல் டேக் வாங்க முடியாது.

வேவு பார்க்க எப்போது போக வேண்டும்?

மூன்று பருவம், மூன்று வேறு வேலை.

ஜூலை கடைசி, ஆகஸ்டில் ஆண்கள் மரம் வளரும் எல்லைக்கு மேலே உள்ள புல்வெளிக் கிண்ணங்களில் சிறு கூட்டமாக மேயும். வெல்வெட் கொம்பு வெயிலில் ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும். எந்த மலையில் என்ன தரத்தில் கொம்பன் இருக்கிறது என்று அறிய இதுவே சிறந்த காலம். ஆனால் அங்கே பார்த்தவன் செப்டம்பரிலும் அங்கேயே இருப்பான் என்று நம்பினால் ஏமாறுவீர்கள். வெல்வெட் உரிந்ததும் கூட்டம் கலையும். ஒவ்வொன்றும் பெட்டைகளைத் தேடிப் பல மைல் நகர்ந்துவிடும்.

ஆகையால் ஆகஸ்ட் கடைசியில் தேட வேண்டியது பெட்டைக் கூட்டங்களை. அவை தண்ணீரும் ஈரப்புல்லும் உள்ள இடத்தை விடுவதில்லை. இணைசேரும் காலத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை, கொம்பன் தானாக அங்கே வருவான். கொம்பன் புரளும் சேற்றுக்குழியில் தண்ணீர் கலங்கி, கரையில் ஈரச்சேறு தெறித்திருந்தால் சில மணிநேரத்துக்குள் வந்து போயிருக்கிறான். மரத்தில் கொம்பு தேய்த்த காயத்தில் பிசின் இன்னும் ஒட்டினால் புதிது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் போன ஆண்டினது. புழுக்கை பளபளத்து மென்மையாக இருந்தால் அன்றையது.

அக்டோபர், நவம்பர் ரைஃபிள் பருவத்துக்கு இரண்டும் உதவாது. இணைசேர்ந்து எலும்பும் தோலுமான பெரிய ஆண்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஒதுங்கிவிடும். வடக்குப் பார்த்த சரிவில் இருண்ட காடு, அதில் ஒரு சமதளத் திட்டு, கால் மைலுக்குள் புல்லும் தண்ணீரும், சாலையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தொலைவு, இடையில் யாருக்கும் ஏறப் பிடிக்காத ஒரு செங்குத்து: இந்த ஐந்தும் கூடுகிற இடங்களை வரைபடத்தில் குறித்து வையுங்கள். பத்து இடம் குறித்தால் இரண்டில் விலங்கு இருக்கும்.

அதற்கு என்ன கருவி?

கழுத்தில் 10x42 பைனாகுலர், முக்காலியில் 65 முதல் 85 மில்லிமீட்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி, நில உரிமை எல்லை காட்டும் வரைபடச் செயலி. முக்காலியை மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். கையில் பிடித்துப் பார்த்தால் அசையாத விலங்கு கண்ணில் படாது. விடிவதற்கு அரைமணி முன் உட்கார்ந்து, வெயில் ஏறி விலங்குகள் காட்டுக்குள் நுழையும் வரை எழக்கூடாது. எங்கே நுழைகின்றன என்பதே அந்தக் காலையின் பயன்.

கேமராவும் டிரோனும்?

அரிசோனா 2022 ஜனவரி முதல் வேட்டைக்காகக் காட்டுக் கேமரா (விலங்கு வந்தால் தானாகப் படமெடுப்பது) வைப்பதைத் தடை செய்துவிட்டது. யூட்டாவில் பொது நிலத்தில் ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை கூடாது. வயோமிங்கில் ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை வானிலிருந்து வேவு பார்ப்பதே குற்றம். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பொது நிலம் என்றால் எங்கும் நடக்கலாமா?

வனச் சேவை, நில மேலாண்மைத் துறை நிலங்களில் நடக்கலாம், தனியார் நிலத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. பல இடங்களில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் போல மாறிமாறி வரும். கட்டங்களின் மூலை தொடும் புள்ளியில் தனியார் தரையை மிதிக்காமல் தாண்டலாம் என்று 2025 மார்ச்சில் 10-ஆவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோவுக்குப் பொருந்தும். மொன்டானா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை.

வழிகாட்டி கட்டாயமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு முக்கிய விலக்கு வயோமிங்: கூட்டாட்சி அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தார் பெருவிலங்கு வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென இலவச உரிமம் எடுத்த உள்ளூர் நண்பரோ உடன் இருந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு செலவு, என்ன கிடைக்கும்?

பொது நிலத்தில் ஐந்தாறு நாள் முழு வழிகாட்டல் வேட்டைக்கு ஏறத்தாழ 6,000 முதல் 10,000 டாலர். தனியார் பண்ணையில் அதைப்போல் இரண்டு மடங்கும் ஆகும். டேக் கட்டணம் தனி. வழிகாட்டிக்கும் சமையல்காரருக்குமான அன்பளிப்பு 10 முதல் 15 சதவீதம், அதை ரொக்கமாக எடுத்துப்போங்கள். கூடாரத்தையும் சாப்பாட்டுச் சாமானையும் குதிரையில் ஏற்றி இறக்கிவிட்டுப் போகும் 'டிராப் கேம்ப்' மலிவு. அதில் வேட்டை உங்கள் பாடு.

கொலராடோவில் எல்லா வேட்டைக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது, அதுவும் பெட்டைகளையும் சேர்த்து. 'நூறு சதவீத வெற்றி' என்று விளம்பரம் செய்பவரிடம், அது சுட வாய்ப்புக் கிடைத்த கணக்கா, சுட்டு வீழ்த்திய கணக்கா, வேலியிட்ட பண்ணையா என்று கேளுங்கள்.

நல்ல அவுட்ஃபிட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உரிமம். கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ நான்கிலும் அவுட்ஃபிட்டர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு உண்டு. பெயரைக் கொடுத்தால் உரிமம் உள்ளதா என்று பார்க்கலாம். பொது நிலத்தில் தொழில் செய்ய வனச் சேவையின் அனுமதியும் வேண்டும், அது எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள். பிறகு: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வேட்டைக்காரர்? பெருங்கொம்புக்கு ஒருவருக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் முதல் வாய்ப்பு யாருக்கு என்பதை முதல் நாளே பேசித் தீருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் சுட்ட ஆண்களின் சராசரி அளவு என்ன, மிகப்பெரியது மட்டுமல்ல. காயம் பட்டுத் தப்பினால் வேட்டை முடிந்ததாகக் கொள்வார்களா? பெரும்பாலானோர் அப்படித்தான், அது நியாயமும்கூட. குலுக்கலில் டேக் விழாவிட்டால் முன்பணம் திரும்புமா? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அவர் தரும் பரிந்துரைப் பட்டியலில் வெறுங்கையோடு திரும்பியவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர் பேச்சில்தான் சாப்பாடும், குதிரையும், வழிகாட்டியின் உழைப்பும் தெரியும்.

ஓடும் விலங்கில் கொம்பை எப்படி எடைபோடுவது?

காதை அளவுகோலாக வையுங்கள்: ஏறத்தாழ 8, 9 அங்குலம். முகத்துக்கு மேல் நீளும் முதலிரு கிளைகள் காதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நான்காவது கிளையே வழக்கமாக மிக நீளமானது, வாள் போல் நிற்கும். அதற்குப் பின்னால் தண்டு இன்னும் நீண்டு ஐந்தாவது கிளையும் நுனியும் தெளிவாகப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். புதியவர்கள் அகலத்தைப் பார்த்து மயங்குவார்கள். அகலம் மேலே சொன்ன கணக்கில் 38 மட்டுமே. தண்டும் கிளையும்தான் 256. பெரும்பாலும் ஏமாற்றுவது மூன்றாவது கிளை: குட்டையாக இருந்தால் இருபக்கமும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் போய்விடும்.

சட்ட அளவும் உண்டு. கொலராடோவின் பெரும்பாலான யூனிட்டுகளில் ஒரு பக்கம் குறைந்தது நான்கு கிளை, அல்லது 5 அங்குல நெற்றிக் கிளை இருக்க வேண்டும்.

நாள் முழுக்க அருகிலேயே இருந்தும் விலங்கு ஏன் கண்ணில் படவில்லை?

காற்று. கண்ணையும் காதையும் எல்க் சில சமயம் சந்தேகிக்கும். மூக்கைச் சந்தேகிப்பதே இல்லை. இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே இறங்கும். வெயில் பட்டுத் தரை சூடானதும் மேலே ஏறும். இடைப்பட்ட நேரத்தில், பெரும்பாலும் காலை 9, 10 மணியளவில், அது எந்தப் பக்கமும் சுழலும். விடியலில் கீழிருந்து மேலே போங்கள். காற்று திரும்பியதும் முகட்டுக்கு ஏறி மேலிருந்து அணுகுங்கள். சுழலும் நேரத்தில் நகராமல் உட்காருங்கள். மெல்லிய பொடி அடைத்த சிறு குப்பியைப் பிதுக்கி நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பத்து டாலருக்கும் குறைவான அந்தக் குப்பிதான் பையிலேயே மதிப்புள்ள பொருள்.

கூவி அழைப்பது எப்படி?

ஆண் எல்க்கின் கூவலுக்குப் பியூகிள் என்று பெயர்: அடித்தொண்டையில் தொடங்கி விசில் போல உச்சத்துக்கு ஏறி, உறுமலில் முடியும். பெட்டைக் கூட்டத்தோடு இருக்கும் பெரியவனைத் தூரத்திலிருந்து பியூகிள் ஊதிச் சீண்டினால் அவன் சண்டைக்கு வரமாட்டான். பெட்டைகளை ஓட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போவான். சத்தமில்லாமல் 100 கஜத்துக்குள் நுழைந்து பிறகு ஊதினால்தான் எதிர்ப்பான். தனியாகத் திரிபவனுக்குப் பெட்டையின் மெல்லிய குரலே போதும். வழிகாட்டி உங்களுக்கு 40, 50 கஜம் பின்னால் நின்று அழைப்பார். விலங்கு சத்தம் வந்த இடத்தையே பார்க்கும், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து வரும். அதனால் நீங்கள் முன்னாலும் சற்றே காற்று போய்ச்சேரும் பக்கமாக விலகியும் நிற்க வேண்டும். பொது நிலத்தில் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் எல்லா ஊதலையும் கேட்டுச் சலித்திருக்கும். அப்போது வாயை மூடிக்கொள்வதே உத்தி.

எந்தத் துப்பாக்கி? எங்கே சுட வேண்டும்?

.30-06, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றும் போதும். 160 முதல் 200 கிரெய்ன் (ஏறத்தாழ 10 முதல் 13 கிராம்) எடையுள்ள, உடையாத உறுதியான தோட்டா. பெரிய துப்பாக்கிக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுவதைவிடப் பழகிய .30-06 மேல். குறி: பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் பின்கோட்டில், உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். எல்க் அடிபட்டும் நின்றுகொண்டே இருக்கும். 'தவறிவிட்டது' என்று நினைத்து நிறுத்தாதீர்கள். கீழே விழும்வரை சுடுங்கள்.

அம்பு என்றால் ரத்தத்தைப் படிக்க வேண்டும். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், 45 நிமிடம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், குறைந்தது நாலு மணிநேரம். பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணிநேரத்துக்கு மேல் காத்திருங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் இரண்டு மைல் ஓடி வீணாகிவிடும்.

இறைச்சியை என்ன செய்வது?

கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு கறியை விட்டுப்போவது குற்றம், விற்பதும் குற்றம். எலும்பு நீக்கிய கறி 80 முதல் 110 கிலோ தேறும். பின்தொடை ஒன்று மட்டும் 30 கிலோ. முதுகில் சுமந்தால் நாலைந்து நடை, குதிரை இருந்தால் இரண்டு.

வயிற்றைத் திறக்காத முறை மலையில் வசதி. ஒருபக்கம் படுக்கவைத்து, முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்து, கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுத் தசையை உருவ வேண்டும். பிறகு புரட்டி மறுபக்கம். செப்டம்பர் வெயிலில் முதலில் கெடுவது தொடை இடுப்போடு சேரும் மூட்டு. தடித்த தோலும் எலும்பும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே புளித்து நாறும். எனவே சில மணிநேரத்துக்குள் தோலுரித்து, தொடையைத் தனியாக்கி, காற்றுப்புகும் துணிப்பையில் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். பாலின அடையாளத்தை ஒரு துண்டோடு ஒட்டியே விட வேண்டும் என்ற விதியையும் மறக்காதீர்கள்.

மூளையை அழிக்கும் சிடபிள்யூடி என்ற பிரியான் (உருக்குலைந்த புரத) நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு இல்லை, ஆனாலும் சோதித்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதுகெலும்பையும் மூளையையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை விதித்துள்ளன. எலும்பு நீக்கிய கறியும் சுத்தம் செய்த மண்டையோடும் மட்டும் எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

கரடி வருமா?

வடமேற்கு வயோமிங்கிலும் மேற்கு மொன்டானாவிலும் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக்கரடி உண்டு. கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பையில் அல்ல. இரவு கறியை விட்டுவர நேர்ந்தால் குடலிலிருந்து நூறு கஜம் தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய வெட்டவெளி மரத்தில் தொங்கவிடுங்கள். மறுநாள் காற்றுக்கு எதிராகச் சத்தமின்றி வராதீர்கள்; சத்தம் போட்டுக்கொண்டே அணுகுங்கள்.

உடல் தயாரிப்பு?

முகாம்கள் 8,000 முதல் 10,500 அடி உயரத்தில். ஊட்டி 7,350 அடிதான். இரண்டு நாள் முன்பே வந்து தண்ணீர் நிறையக் குடித்து உடம்பைப் பழக்குங்கள். 15 கிலோ பையோடு படி ஏறுவதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் கீழே இறங்குவதே மருந்து.

தலையைப் பதப்படுத்துவதும் அளப்பதும் எப்போது?

தோள்வரை மாட்டிவைக்க விரும்பினால் தோலை முன்காலுக்கு வெகுவாகப் பின்னால் சுற்றி வெட்டச் சொல்லுங்கள். கழுத்தடியில் வெட்டிய தோலைக் கைவினைஞரால் சரிசெய்ய முடியாது. உரித்ததும் உறையவைக்க வேண்டும், அல்லது உதடு, காது, கண்ணிமை வரை சதையை நீக்கி உப்பிட வேண்டும். அதிகாரபூர்வ அளவு 60 நாள் உலர்ந்த பிறகே. அதற்குள் கொம்பு சற்றுச் சுருங்கும். மேல்தாடையில் உள்ள இரண்டு தந்தப்பற்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் அவசரத்தில் மண்டையோட்டை அறுக்கும்போது பலர் அவற்றைத் தாடையோடு எறிந்துவிடுகிறார்கள்.